வாயைப் பார்க்கிறோம், தாயைப் பார்க்கிறோமா?

கோம்பை நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது குட்டியின் வாயை. மூஞ்சி நன்றாகக் கறுத்திருந்தால் கருவாய். உடம்பு செம்மண் நிறத்தில் இருந்தால் செவலை. கருவாய்ச் செவலை என்றால் விலை ஏறுகிறது. அதே ஈத்தில் பிறந்த வாய் வெளுத்த குட்டி, ‘இது கலப்பு’ என்று ஒதுக்கப்படுகிறது. பிறகு காது, வால், கால் எலும்பு என்று சோதனை நீள்கிறது. குட்டியை ஈன்ற தாய் எங்கே இருக்கிறது, அதன் சுபாவம் என்ன, எத்தனை முறை ஈன்றிருக்கிறது, எந்தக் கடுவனோடு சேர்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. அந்தக் குட்டியோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழப்போகும் குடும்பத்துக்கு உதவும் விடைகளோ இந்தக் கேட்கப்படாத கேள்விகளில்தான் இருக்கின்றன. ஏன் என்பதை மரபியலும் விலங்கு நடத்தையியலும் ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன.

மலையடிவாரத்து நாய்

கோம்பை, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பேரூர். உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடிக்குப் போகும் சாலையில், இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தை ஒட்டிய ஊர். மேற்கே மலைத்தொடர் செங்குத்தாக எழுகிறது. உச்சியில் கேரளத்தின் ராமக்கல்மேடு. ஜமீன் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் இங்கே வளர்த்த நாய், ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. நல்ல நாய் ஒன்றுக்கு ஈடாகக் குதிரையைக் கொடுத்தார்கள் என்றொரு கதையும் இந்தப் பக்கம் வழங்குகிறது.

தென்மாவட்டங்களின் பெயர்பெற்ற நாட்டினங்கள் நான்கு: கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் நான்கு இனங்களின் பெயரும் வந்தன. கால்நடை இனங்களை அதிகாரபூர்வமாகப் பதியும் அமைப்பு, ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். அதன் பதிவேட்டில் முதன்முதலாக ஏறிய மூன்று நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோள். கோம்பை அந்த முதல் வரிசையில் இல்லை.

குட்டி வாங்குகிறவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஐரோப்பிய இனங்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வம்சாவளிப் புத்தகங்கள் உண்டு. கோம்பைக்கு வளர்ப்பவரின் ஞாபகமும், சிலர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகமும்தான் வம்சாவளி. ஆகவே இங்கே இனத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. வளர்ப்பவரைத் தேர்ந்தெடுப்பதுதான் மீதியும் பெரியதுமான வேலை.

கருவாய் எதற்குச் சாட்சி?

நாயின் மயிரில் இரண்டே நிறமிகள்தான் உள்ளன. ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும் யூமெலனின். மற்றது மஞ்சளும் செம்மையும் தரும் ஃபியோமெலனின். உடம்பில் எந்த இடத்தில் எந்த நிறமி உண்டாக வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் முடிவு செய்கின்றன. ஏஎஸ்ஐபி என்ற மரபணுவின் ஒரு வடிவம் உடம்பு முழுவதையும் செவலையாக்குகிறது. எம்சி1ஆர் என்ற வேறொரு மரபணுவின் ஒரு வடிவம் மூஞ்சியில் மட்டும் கறுப்பைக் கொண்டுவருகிறது. கருவாய்ச் செவலை என்ற அடையாளம் பெரும்பாலும் இந்த இரண்டின் கூட்டு விளைவு.

கருவாய் தரும் வடிவம் ஓங்கு பண்பு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு படி வந்தாலும் மூஞ்சி கறுத்துவிடும். இப்போது ஒரு கணக்கு. கருவாய்க் கடுவன் ஒன்று, கருவாய்ப் பொட்டை ஒன்று. இரண்டும் அந்த வடிவத்தில் ஒவ்வொரு படிதான் வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்குக் கருவாய் இருக்காது. கலப்பே இல்லாத ஜோடிக்கும் வாய் வெளுத்த குட்டி பிறக்கும். மறுபக்கம், பாக்ஸர், கிரேட் டேன், பெல்ஜியன் மாலினாய் ஆகிய இனங்களிலும் அதே கருவாய் வடிவம் பரவலாக இருக்கிறது. மாலினாயோடு கலந்த குட்டி அச்சு அசல் கருவாய்ச் செவலையாகவே பிறக்கலாம். ஆக, கருவாய் இருப்பதால் தூய்மை உறுதியாவதில்லை. இல்லாததால் கலப்பு உறுதியாவதும் இல்லை.

நிறத்தை ஆள்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்கள். அதனால் நிறத்தைத் தெரிந்தெடுப்பது எளிது. இரண்டு மூன்று தலைமுறையில் விரும்பிய நிறம் கிடைத்துவிடும். சுபாவத்தின் கதை வேறு. அஞ்சாமை, பொறுமை, அந்நியரைக் கண்டால் நடந்துகொள்ளும் விதம் ஒவ்வொன்றிலும் எண்ணற்ற மரபணுக்களின் சிறுசிறு பங்கும், வளர்ப்பின் பெரும் பங்கும் கலந்திருக்கின்றன. மூஞ்சியின் நிறத்தைப் பார்த்துக் குணத்தைக் கணிக்க வழியே இல்லை.

இனம் எவ்வளவு சொல்லும்?

2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் 18,385 நாய்களின் நடத்தை பற்றி வளர்ப்பவர்களிடம் விவரம் வாங்கி, 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் வாசித்திருந்தார்கள். தனித்தனி நாய்களுக்கு இடையே நடத்தையில் தெரிந்த வேறுபாட்டில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது ஏறக்குறைய 9 விழுக்காடுதான். அதே ஆய்வு, பெரும்பாலான நடத்தைப் பண்புகள் மரபுவழி வருபவை என்றும் கண்டது. அவற்றில் மரபின் பங்கு 25 விழுக்காட்டுக்கு மேல்.

இரண்டும் முரண்போலத் தோன்றும். சேர்த்துப் படித்தால் பொருள் விளங்கும். குணம் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு இறங்குகிறது. ஆனால் ஓர் இனத்துக்குள்ளேயே சாதுவான குடும்பங்களும் சிடுசிடுப்பான குடும்பங்களும் இருப்பதால், இனத்தின் பெயர் அதிகம் சொல்வதில்லை. வேட்டைக்கோ காவலுக்கோ இன்றும் கடுமையாகத் தெரிந்தெடுக்கப்படும் நாய்களில் இனத்தின் பங்கு சற்றுக் கூடலாம். அப்போதும் ‘கோம்பை என்றால் இப்படித்தான்’ என்பதைவிட ‘இந்தத் தாயும் தகப்பனும் எப்படி?’ என்ற கேள்விதான் அதிகப் பயன் தரும்.

இனத்தின் பெயர் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்னோர் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டார்கள் என்பது உடம்பின் கட்டமைப்பில் தெரிகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்தும் ஓட்ட நாய்கள். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். ராஜபாளையம் அவற்றைவிடக் கனத்த நாய். தோளுயரம் 25 அங்குலத்தைத் தாண்டுவது சாதாரணம். கோம்பை சற்றுக் குட்டையானது, திண்ணென்ற உடம்பு, அகன்ற தலை, வலுவான தாடை. ஓடிப் பிடிப்பதைவிட, எதிர்த்து நிற்கும் பன்றியை மறித்து நிறுத்துவதற்கான கட்டு அது.

இதை இந்த மலையடிவாரப் பள்ளத்தாக்கின் குடும்பங்களோடு பொருத்திப் பார்க்கலாம். தேனி நகரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, வாசலில் இறங்கினால் தெரு. அங்கே சிப்பிப்பாறை வளர்த்தால், எதிர்வீட்டுப் பூனையோ கோழியோ ஓடிய நொடியில் அது தெருவின் கடைசியில் இருக்கும். சுற்றுச்சுவரும், தினமும் அவிழ்த்து விட்டு ஓடவிடப் பாதுகாப்பான இடமும் இல்லாதவர்களுக்கு ஓட்ட நாய் ஏற்றதில்லை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இடப் பஞ்சமில்லை. ஆனால் கவாத்துக்கும் அறுவடைக்கும் தோட்டத்துக்குப் புதுப்புது ஆட்கள் வந்துபோவார்கள். அந்நியரை நம்பாத, எல்லையை விட்டுக்கொடுக்காத கோம்பைக்கு அது ஓயாத பதற்றம், வேலையாட்களுக்கு ஆபத்து. போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் விடியலில் ஜீப் ஏறி மலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் துடிப்பான நாய், தன் சக்தியைக் குரைப்பிலும் சீற்றத்திலும்தான் செலவழிக்கும். குடும்பம் நாய்க்கு எத்தனை மணி நேரம் தரமுடியும் என்பதை முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு இனத்தை யோசிப்பது நல்லது. காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது நடையும் ஓட்டமும் விளையாட்டும் கொடுக்க முடியாவிட்டால், பெரிய நாய் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நாய்க்குச் செய்யும் நன்மையே.

வெண்மைக்குக் கொடுத்த விலை

நிறத்தை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. ராஜபாளையம் என்றால் மாசற்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு என்பது சந்தையின் எதிர்பார்ப்பு. அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள், கருவில் முதுகோரமாக உருவாகி உடம்பெங்கும் நகர்ந்து பரவுகின்றன. அவற்றில் ஒரு பகுதி உட்செவிக்குள்ளும் போய்ச் சேரும். அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதன்று. ஒலியை உணரும் செல்களுக்கு வேண்டிய உப்புச் சமநிலையைக் காக்கும் திசுவுக்கு அவை இன்றியமையாதவை. மிகுந்த வெண்மைக்குக் காரணமான மரபணு வடிவங்கள் இந்தச் செல்களின் பரவலைக் குறைக்கின்றன. உட்செவிக்கு அவை போய்ச் சேராவிட்டால் அந்தத் திசு பிறந்த சில வாரங்களுக்குள் நலிந்துவிடும். கேட்கும் செல்களும் உடன் அழியும். டால்மேஷன் இனத்தில் அமெரிக்காவில் சோதித்த நாய்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு ஒரு காதிலோ இரு காதிலோ செவிடு இருந்தது.

வெள்ளைக் குட்டி வாங்குபவர், குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். இரு காதும் கேளாத குட்டியை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஒரு காது மட்டும் கேளாத நாயை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதியும் கேட்புச் சோதனை வேண்டும். ஒரு காது கேளாத நாய் வீட்டில் நன்றாகவே வாழும், ஆனால் அதிலிருந்து குட்டி எடுத்தால் குறை பெருகும். நல்ல வளர்ப்பாளர் அதை இனப்பெருக்கத்துக்கு விடமாட்டார்.

ஒரே ரத்தம்

கோம்பையில் நிறமி நிறைய உண்டு. செவிடு அங்கே பெரிய கவலையில்லை. அதன் கவலை வேறு. நாய்களின் தொகை குறைவு. அதற்குள் ‘அசல்’ என்று மதிக்கப்படும் நாய்கள் இன்னும் குறைவு. கண்காட்சியிலோ யூடியூபிலோ பேர் வாங்கிய ஒரு கடுவனிடமே எல்லாரும் பொட்டையைக் கொண்டுபோகிறார்கள். சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் குட்டிகளில் பாதிக்கு அதுவே தகப்பனாகிவிடலாம். அடுத்த தலைமுறையில் சேர்க்கும் பல ஜோடிகள் அண்ணன் தங்கை உறவாகவே அமையும். ‘ரத்தம் மாத்தணும்’ என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வது இதை நினைத்துத்தான்.

எந்த நாயும் சில கெடுதலான மரபணு வடிவங்களை ஒற்றைப் படியாகச் சுமந்துகொண்டிருக்கும். மற்றொரு படி நல்லதாக இருப்பதால் வெளியே தெரியாது. நெருங்கிய உறவுக்குள் சேர்க்கும்போது ஒரே முன்னோரின் அதே கெட்ட படி இரு பக்கத்திலிருந்தும் வந்து குட்டியில் சேர்கிறது. தகப்பனையும் மகளையும், அல்லது உடன்பிறந்த இரண்டை, சேர்த்துப் பிறக்கும் குட்டியில் எந்த ஒரு மரபணுவும் இப்படி ஒரே முன்னோரிடமிருந்து இரட்டையாக வருவதற்கு வாய்ப்பு 25 விழுக்காடு. ஒரு தகப்பன், இரு தாய்கள் என்றால் 12.5. பெரியப்பா சித்தப்பா மக்கள் என்றால் 6.25. இந்த எண் ஏற ஏற, ஈத்தில் குட்டிகள் குறையும், பால்குடியிலேயே சாகும் குட்டிகள் கூடும், நோய் எதிர்ப்பு தளரும்.

ஆகவே வளர்ப்பாளரிடம், ‘தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் தாத்தா பாட்டி யார்?’ என்று கேளுங்கள். கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் வரை பெயரும் ஊரும் சொல்பவர் பதிவு வைத்திருப்பவர். இரு பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் யோசியுங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் நல்லதுதான்; ஆனால் அது வளர்ப்பாளர் சொன்ன பெற்றோர் பெயரைப் பதிவு செய்யும் தாள். குட்டியின் உடல்நலத்துக்கோ குணத்துக்கோ அது உத்தரவாதம் தருவதில்லை.

பதினான்கு வாரம்

குணத்தின் மரபுப் பங்கைத் தாயும் தகப்பனும் முடிவு செய்கிறார்கள் என்றால், வளர்ப்புப் பங்கின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. இதை நிறுவியவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் நாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும்; 1965-ல் அவர்களது நூல் வெளிவந்தது. அங்கே 1961-ல் வெளியான ஒரு சோதனையில், மனித நடமாட்டமே இல்லாத வேலிக்குள் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் மனிதரோடு பழகவிட்டார்கள். சில வாரக் குட்டிகளாகவே பழகியவை இயல்பாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரையே பார்க்காமல் வளர்ந்தவை, பிறகு எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குபோல் விலகியே நின்றன.

குட்டிக்குக் கண்ணும் காதும் திறப்பது ஏறக்குறைய இரண்டு வாரத்தில். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை அது காண்பதையெல்லாம் ‘பயப்பட வேண்டாதது’ என்ற பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அந்தச் சாளரம் மூடிய பிறகு புதியதெல்லாம் சந்தேகத்துக்குரியது. அந்நியரைச் சந்தேகிக்கும் இயல்பு ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள கோம்பைக்கு இந்த வாரங்கள் இரட்டிப்பு முக்கியம். கடிக்கும் நாய்களில் பல, துணிச்சலால் அல்ல, பயத்தால் கடிக்கின்றன.

இந்தச் சாளரத்தின் முதல் பாதி வளர்ப்பாளர் வீட்டில் கழிகிறது. தோட்டத்துக் கொட்டகையின் இருட்டு மூலையில், சோறு வைக்க ஒருவர் மட்டும் வந்துபோகும் இடத்தில் வளர்ந்த குட்டி அதில் பாதியை இழந்துதான் உங்கள் கைக்கு வருகிறது. வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் சத்தம், மிக்சி இரைச்சல், மோட்டார் சைக்கிள், ஆடு மாடு எல்லாவற்றுக்கும் நடுவே வளர்ந்த குட்டியே குடும்பத்துக்கு ஏற்றது.

மீதிப் பாதி உங்கள் பொறுப்பு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் இன்றும் குட்டிகளின் முதல் எமன். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பப் போட வேண்டும்; தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் புரதங்கள் முந்தைய ஊசிகளைப் பலிக்கவிடாமல் செய்யலாம் என்பதே காரணம். ஊசி முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்தால் பழகும் காலம் போய்விடும். வழி, தெரு மண்ணில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போவது. பஸ் ஸ்டாண்டு ஓரம், பள்ளி விடும் நேரம், வாரச்சந்தை என எல்லாவற்றையும் மடியிலிருந்தே பார்க்கட்டும். தடுப்பூசி முடிந்த, சாதுவான நாய்கள் உள்ள உறவினர் வீட்டில் விளையாடவும் விடலாம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் முறையில் தவறாமல் தொடர வேண்டும்.

வளர்ப்பாளர் வீட்டில் பார்க்க வேண்டியவை

விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சில எல்லைகளை வகுத்திருக்கின்றன. குட்டி விற்பதற்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பொட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆன பிறகே இணை சேர்க்கலாம். ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. காதையோ வாலையோ வெட்டக் கூடாது. நெருங்கிய ரத்தத்துக்குள் சேர்ப்பதும் தடை. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாளைவிட முக்கியம், தாயைக் கண்ணால் பார்ப்பது. வேற்றாள் வந்ததும் தாய் குரைக்கலாம்; குட்டி போட்ட நாய் அப்படித்தான். வளர்ப்பவர் ஒரு சொல் சொன்னதும் அமைதியாகி, சற்று நேரத்தில் உங்களை மோந்து பார்க்க வருகிறதா? வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்குகிறதா? விடாமல் பாய்கிறதா? உங்கள் குட்டி இரண்டு வயதில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடைக்காது. எட்டு வாரக் குட்டியை மல்லாக்கப் போட்டும், கை தட்டியும் நடத்தும் ‘குணச் சோதனைகள்’ வளர்ந்த நாயின் குணத்தைச் சரியாகக் கணிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாயைக் காட்ட மறுத்தால், ‘தாய் ஊரில் இருக்கிறது’ என்று சொன்னால், கம்பம் பஸ் ஸ்டாண்டிலோ தேனி பைபாஸிலோ கூடையில் குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் அந்த இடத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இதே தாயின் முந்தைய ஈத்துக் குட்டிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்காவது போய்ப் பாருங்கள். வளர்ந்த அந்த நாய் ஆயிரம் வாக்குறுதிக்குச் சமம். நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார்: வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா, பகலில் யார் இருப்பார்கள், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? ‘முடியாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள்’ என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

முதன்முறையாகப் பெரிய நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு வேறொரு வழியும் இருக்கிறது. இரண்டு, மூன்று வயதான நாயைத் தத்தெடுப்பது. அதன் குணம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. எதிர்பார்ப்பதற்கும் கிடைப்பதற்கும் இடையில் ஏமாற்றம் குறைவு.

பெரிய உடம்பின் கணக்கு

ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான ஆற்றல், அதன் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 25 கிலோ நாய்க்கு அது நாளுக்கு ஏறக்குறைய 780 கிலோகலோரி. நன்றாக ஓடியாடினால் 1,250 முதல் 1,550 வரை போகும். வெறும் பால்சோறு இதற்குப் போதாது. முட்டை, கோழி, மீன் என்று புரதம் தினமும் வேண்டும். அந்த மாதச் செலவைக் குட்டியின் விலைக்கு முன்னால் கணக்கிட வேண்டும்.

குட்டி சீக்கிரம் பெரிதாகட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவது பரவலான தவறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறனை இன்னும் பெற்றிருக்காது. கொடுப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் எலும்பு வளர்ச்சி கோணிப்போனது. பெரிய இனக் குட்டி ஒல்லியாக, மெதுவாக வளர்வதே மூட்டுக்கு நல்லது. கருத்தடையிலும் அவசரம் வேண்டாம்: ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தவற்றுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாக வந்ததைக் கலிஃபோர்னியா ஆய்வுகள் கண்டன. நேரத்தைக் கால்நடை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வசதி.

வெயில் இன்னொரு கணக்கு. நாய் உடம்பால் வியர்ப்பதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயிலும் மூக்கிலும் நீரை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. உடம்பு பெருக்கப் பெருக்க, உள்ளே பிறக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் அதை வெளியேற்றும் தோல்பரப்பு குறைவு. அதன்மேல் அடர்ந்த கம்பளி மயிரும் சேர்ந்தால் சித்திரை, வைகாசி தாங்காது. ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் இங்கே வளர்ப்பது கொடுமை என்பது இதனால்தான். கோம்பையின் குட்டை மயிர் இந்த மண்ணுக்கேற்றது. என்றாலும் நடுப்பகல் தார்ச்சாலையில் எந்த நாயையும் ஓடவிடக் கூடாது.

தோட்டத்து நாய்க்கு வேறு ஆபத்துகளும் உண்டு. பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் கொட்டகைக் கூரையிலும் குடியிருந்து, எர்லிக்கியா, பபேசியா கிருமிகளை ரத்தத்தில் ஏற்றும். காய்ச்சலும் சோர்வும் வெளுத்த ஈறும் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எலி மருந்தும் பூச்சிமருந்து டப்பாவும் நாய்க்கு எட்டாத இடத்தில் பூட்டியிருக்க வேண்டும்.

காடு பக்கத்தில் இருக்கிறது

பன்றி வேட்டைக்குப் பேர்போன நாய் என்பது பழங்கதையாகவே இருக்கட்டும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பள்ளத்தாக்கின் விளிம்பில் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் மானைத் துரத்துவதோடு நிற்பதில்லை, நோயையும் கொண்டுபோகிறது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்களைக் கொன்றது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிடமும் தென்பட்டது. மலையடிவாரத்தில் தடுப்பூசி போடாத நாய் வளர்ப்பது செந்நாய்க்கும் புலிக்கும் செய்யும் கேடு. வேட்டை போனாலும் நாய்க்கு வேலை இல்லாமல் போகவில்லை. நாட்டினங்களை மோப்பப் பணிக்குப் பழக்கும் முயற்சி தமிழக வனத்துறையிலேயே நடந்திருக்கிறது. வீட்டிலும் ஒளித்துவைத்த பொருளைத் தேட விடுவது, கட்டளைக்குப் பழக்குவது போன்ற வேலைகள் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நிகராக நாயைக் களைப்பாக்கும்.

ஒரு நாய்த் தலைமுறை மூன்று நான்கு ஆண்டுதான். வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறாரோ அதையே வளர்ப்பவர் அடுத்த தலைமுறையில் தெரிந்தெடுப்பார். இதுவரை நிறத்துக்குக் கொடுத்தோம், நிறம் கிடைத்திருக்கிறது. தாயின் சுபாவத்துக்கும், ரத்தம் மாற்றிச் சேர்த்த பதிவுக்கும், முற்றத்தில் பிள்ளைகளோடு வளர்ந்த எட்டு வாரத்துக்கும் கொடுக்கத் தொடங்கினால், பதினைந்து ஆண்டுக்குள் நான்கைந்து தலைமுறை கடந்து, குடும்பத்தோடு வாழத் தெரிந்த கோம்பைகள் இந்தப் பள்ளத்தாக்கில் பெருகும். அதற்குள் வாய் வெளுத்த குட்டி ஒன்று, நல்ல தாய்க்குப் பிறந்ததாக, குறைந்த விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.